பேறுகால வலியும் அறக்கட்டளைப் பணமும்

கொங்கு நாட்டில் சிசேரியன் ஆன பெண்கள் இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் முதுகில் வந்து நிற்கும். "முதுகுல ஊசி போட்டாங்கல்லங்க, அன்னைக்கு விட்ட இடுப்புதான்" என்பார் ஒருவர். குடம் தூக்க முடியவில்லை, களை வெட்டக் குனிய முடியவில்லை, பனியன் கம்பெனியில் பொழுதுக்கும் மெஷின் முன்னால் உட்கார முடியவில்லை என்று அடுக்குவார்கள். அந்த ஊசியைப் போடுவதுதான் என் தொழில். 1970-களில் கோவை மருத்துவக் கல்லூரியில் படித்து, மயக்க மருந்து மருத்துவராகி, கோவை, ஈரோடு, திருப்பூர், கோபி என்று இந்த வட்டாரத்து ஆபரேஷன் தியேட்டர்களிலேயே வேலைக் காலம் முழுவதையும் கழித்தவள் நான்.

கேட்கும் பெண்களுக்கு நான் ஒரு பதில் வைத்திருக்கிறேன். இங்கிலாந்தில் வடக்கு ஸ்டாஃபோர்ட்ஷயரில் 369 பெண்களைச் சீட்டுக் குலுக்கும் முறையில் இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குப் பிரசவத்தின்போது முதுகு வழியாக எபிடியூரல் மருந்து, மற்றொரு பிரிவுக்கு வேறு வலி நிவாரணம். இரண்டு ஆண்டுக்கும் மேல் கழித்து விசாரித்தபோது முதுகுவலியில் இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இது வெளியானது. இதைச் சொன்னதும் அவிநாசிப் பக்கத்துப் பெண் ஒருவர் கேட்டார்: "அது அந்த ஊருப் பொம்பளைங்களுக்குங்கம்மா. தோட்டத்துல வேலை செய்யற எங்களைப் பத்தி யாராவது பாத்தாங்களா?"

நியாயமான கேள்வி. அங்கே போட்டது எபிடியூரல், இங்கே சிசேரியனுக்குப் போடுவது ஸ்பைனல். ஊசி வேறு, மருந்தின் அளவு வேறு. குழந்தை பிறந்து நாற்பதாம் நாள் காட்டு வேலைக்குப் போகிற உடம்பும் வேறு. இவரைப் போன்ற பெண்களை வீட்டுக்குப் போன பின்பும் பின்தொடர்ந்து கேட்டுப் பார்க்க ஆள் வேண்டும், அந்த ஆளுக்குச் சம்பளம் வேண்டும். பேறுகால வலிக்காக யார், எப்போது பணம் கொடுத்தார்கள், கொடுத்த இடத்தில் என்ன விளைந்தது என்று தேடிப் படித்ததில் எனக்குக் கிடைத்த வரலாற்றை இங்கே எழுதுகிறேன்.

சாளையில் பிரசவம்

என் அம்மாயி, அதாவது அம்மாவைப் பெற்றவர், தாராபுரத்துப் பக்கம் தோட்டத்துச் சாளையில் பிள்ளைகளைப் பெற்றவர். கொங்குக் கிராமங்களில் பேறு பார்த்தவர்கள் பரம்பரையாக நாவிதர் சமூகத்துப் பெண்கள். அந்தக் குடும்பத்து ஆண்கள் கல்யாணத்தில் மங்கள வாழ்த்துப் பாடுவார்கள். அந்தக் கல்யாணத்தில் பிறக்கும் பிள்ளையைப் பெண்கள் கையில் ஏந்துவார்கள். மருத்துவச்சிக்கு அறுவடையில் தானியம், பேறு பார்த்ததற்குச் சேலை. ஊரே அவர்களை நம்பித்தான் பிழைத்தது. ஆனாலும் வீட்டுக்குள் அவர்களுக்கு இருந்த இடம் திண்ணையோடு சரி.

வலி கண்டதும் முதலில் சீரகக் கசாயம் கொடுப்பார்களாம். குடித்து அடங்கினால் சூட்டு வலி, ஏறினால் பிள்ளை வலி. பிறகு விட்டத்தில் கயிறு கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு முக்கச் சொல்வார்கள். அடிவயிற்றிலும் இடுப்பிலும் விளக்கெண்ணெய் தடவி வெந்நீர் ஊற்றுவார்கள். ஒவ்வொரு வலிக்கும் மருத்துவச்சி தன் முழங்காலை அம்மாயியின் இடுப்பெலும்பில் அழுத்திப் பிடித்து, "இன்னொரு வலி சாமி, இன்னொரே வலி" என்று காதருகே சொல்லிக்கொண்டே இருந்தாராம். அம்மாயி எண்பது வயதிலும் அந்த முழங்காலைப் பற்றிப் பேசினார்.

பிரசவம் முடியும்வரை ஒருவர் விடாமல் கூடவே இருந்தால் வலி மருந்தின் தேவை குறைகிறது என்று இன்றைய ஆய்வுகள் காட்டுகின்றன. 2004-இல் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவ அறைக்குள் உறவுப் பெண் ஒருவரை உடனிருக்க அனுமதித்த திட்டத்துக்கும் அடிப்படை அதுதான். அந்த மருத்துவச்சியிடம் அன்பும் அனுபவமும் இருந்தன. ஆனால் குறுக்கே கிடக்கும் பிள்ளையை எடுக்க வழி இல்லை. அம்மாயியின் தங்கை அப்படித்தான் மூன்றாம் நாள் இறந்துபோனார். "வலி எடுக்காம புள்ளை பொறக்குமா" என்று ஊர் சொல்லிக்கொண்டது. சத்தம் போடாமல் பெற்றவளைப் பெருமையாகப் பேசியது.

நிஜாம் கொடுத்த ஆயிரம் பவுன்

வலியில்லாமலும் பெறலாம் என்ற செய்தி உலகுக்குத் தெரிந்தது 1847-இல். எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் அந்த ஜனவரியில் ஒரு பிரசவத்துக்கு ஈதர் கொடுத்தார். நவம்பருக்குள் குளோரோஃபார்முக்கு மாறினார். அதே ஆண்டு மார்ச் 22-ஆம் தேதியே கல்கத்தாவில் ஈதர் கொடுத்து அறுவை சிகிச்சை நடந்துவிட்டது. சென்னையில் அதற்கு மூன்று ஆண்டு முன்பே, 1844-இல், பிரசவ ஆஸ்பத்திரி தொடங்கியிருந்தது. இன்றைய எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையின் வேர் அதுதான். வேதம் சபித்த வலியை மருந்தால் நீக்கலாமா என்று பாதிரிமார் சிலர் கேட்டார்கள். 1853 ஏப்ரலில் விக்டோரியா மகாராணி தன் எட்டாவது பிரசவத்துக்கு மருத்துவர் ஜான் ஸ்னோவிடம் குளோரோஃபார்ம் வாங்கிக்கொண்டார். அதன் பிறகு அந்தக் கேள்வியின் குரல் தணிந்தது.

குளோரோஃபார்மில் சிலர் மேசையிலேயே இறந்தார்கள். மூச்சு முதலில் நிற்கிறதா, இதயம் முதலில் நிற்கிறதா என்று மருத்துவ உலகம் இரண்டாகப் பிளந்து சண்டையிட்டது. அதைத் தீர்க்கப் பணம் கொடுத்தது நம் நாட்டுச் சமஸ்தானம் ஒன்று. ஹைதராபாத் நிஜாம் மகபூப் அலி கான் 1888-இல் முதல் குளோரோஃபார்ம் ஆணையத்துக்கு உதவினார். அதன் முடிவை லண்டன் ஏற்காதபோது, லான்செட் இதழ் தன் சார்பில் ஒருவரை அனுப்பிவைக்க 1,000 பவுன் கொடுத்தார். 1889-இல் லான்செட் சார்பில் லாடர் பிரண்டன் கப்பலேறி வந்தார். ஹைதராபாத்தில் மருத்துவம் பயின்ற ரூபா பாய் ஃபர்தூன்ஜி அங்கே குளோரோஃபார்ம் கொடுக்கப் பழகியவர், உலகின் முதல் பெண் மயக்க மருத்துவர்களில் ஒருவர். மூச்சை மட்டும் கவனித்தால் போதும் என்று இரண்டாம் ஆணையமும் முடிவு சொன்னது. 1911-இல் குட்மன் லெவி என்ற மருத்துவர், குறைந்த மயக்கத்திலேயே குளோரோஃபார்ம் இதயத்தைத் தாறுமாறாகத் துடிக்கவைத்து நிறுத்தும் என்று நிரூபித்தார். ஹைதராபாத் முடிவு தவறிப்போனது. ஆனாலும் நிஜாமின் பணம் வீண் என்று சொல்ல மாட்டேன். ஒரு கேள்வியை வெளிப்படையாகக் கேட்டு, சோதித்து, எழுதிவைத்ததால்தான் அடுத்தவர் அதைத் திருத்த முடிந்தது.

பெண்களுக்கான பணம் அதே காலத்தில் வேறு வழியில் வந்தது. 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து படித்த மேரி ஷார்லீப், 1885-இல் சென்னையில் கோஷா ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். இன்று அது திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. வைஸ்ராயின் மனைவி டஃப்ரின் சீமாட்டி அதே ஆண்டு நிதி திரட்டிப் பெண் மருத்துவர்களையும் பெண்களுக்கான மருத்துவமனைகளையும் உருவாக்கினார். 1903-இல் கர்சன் சீமாட்டி மருத்துவச்சிகளின் பயிற்சிக்கு ஒரு நிதி வைத்தார். உயிரைக் காப்பாற்றுவது முதல் வேலை. அதற்கு அவர்கள் பணம் கொடுத்தது சரிதான். வலி அந்தக் கணக்கில் ஏறவில்லை.

குன்னூரில் கேட்ட கேள்வி

மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு தாண்டி மலையேறினால் வரும் குன்னூரில், கர்ப்பிணிகளுக்காக ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்தது. அது வலி பற்றியது இல்லை, இரத்தம் பற்றியது. ஆனாலும், பணம் கொடுத்துக் கேள்வி கேட்டால் பதில் கிடைக்கும் என்ற என் வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

1911-இல் இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கம் தொடங்கப்பட்டது. இன்றைய ஐ.சி.எம்.ஆர். அதுதான். பிரசவத்தில் பெண்கள் ஏன் சாகிறார்கள் என்று 1920-களின் இறுதியில் அந்தச் சங்கம் விசாரணையில் இறங்கியது. மருத்துவர் மார்கரெட் பால்ஃபரின் அழைப்பின் பேரில் லூசி வில்ஸ் என்ற மருத்துவர் 1928-இல் பம்பாய்க்கு வந்தார். கர்ப்பிணிகளுக்கு வரும் ஒருவகைக் கடும் சோகையில் பெண்கள் கூட்டமாக இறந்துகொண்டிருந்தார்கள். 1929-இல் அவர் குன்னூர் பாஸ்டர் நிலையத்துக்கு மாறினார். பம்பாயில் சோகை கண்ட ஏழைப் பெண்கள் சாப்பிட்ட உணவையே எலிகளுக்குக் கொடுத்து, அவற்றுக்கும் சோகை வருவதைப் பார்த்தார். ஈஸ்ட் கொடுத்தால் சரியாவதையும் கண்டார். பிறகு சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும் வேலை செய்தார். மார்மைட் என்ற மலிவான ஈஸ்ட் சாறு கொடுத்ததும் சாகக் கிடந்த பெண்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். 1931-இல் அதை அச்சில் வெளியிட்டார். அந்தச் சாற்றில் இருந்த பொருள்தான் ஃபோலிக் அமிலம் என்று பின்னால் தெரிந்தது.

1970-இல் சோகைத் தடுப்புத் திட்டம் வந்தபின், கர்ப்பிணியாகப் பதிவு செய்யும் ஒவ்வொரு பெண்ணின் கையிலும் இரும்பு–ஃபோலிக் மாத்திரை இருக்கிறது. வெள்ளக்கோவிலில் ஆடு மேய்க்கும் பெண்ணுக்கும், கோவை ஆர்.எஸ்.புரத்தில் வக்கீலின் மனைவிக்கும் ஒரே மாத்திரை. பொதுப்பணத்தில் கேட்ட கேள்விக்குக் கிடைத்த பதில் நாற்பது ஆண்டில் எல்லா வீட்டுக்கும் வந்து சேர்ந்தது.

வலிக்கும் இப்படி நடந்த நாடு உண்டு. இங்கிலாந்தில் 1928-இல் நேஷனல் பர்த்டே டிரஸ்ட் என்ற அறக்கட்டளை தொடங்கியது. பிரதமர் ஸ்டான்லி பால்ட்வினின் மனைவி லூசி பால்ட்வின் தானே கடினமான பிரசவங்களைக் கண்டவர். பணக்காரப் பெண்ணுக்குக் கிடைக்கும் வலி நிவாரணம் ஏழைப் பெண்ணுக்கும் கிடைக்க வேண்டும் என்று அவர் நிதி திரட்டினார். எந்த முறை பாதுகாப்பானது என்று மகப்பேறு மருத்துவர் கல்லூரி ஆராய்ந்தபோது செலவை அந்த டிரஸ்ட் ஏற்றது. குளோரோஃபார்ம் குப்பிகள் கழிக்கப்பட்டன. லிவர்பூலில் மின்னிட் என்ற மருத்துவர் செய்த வாயுக் கருவி தேறியது. 1936-இல் மருத்துவச்சிகளே வீட்டுப் பிரசவத்துக்கு அதை எடுத்துப்போக அனுமதி கிடைத்தது. அந்தக் கருவியில் ஆக்சிஜன் குறைவு என்று தெரிந்தபின், 1961-இல் டன்ஸ்டால் என்ற மருத்துவர் பாதி ஆக்சிஜன், பாதி நைட்ரஸ் ஆக்சைடு கொண்ட என்டனாக்ஸை உருவாக்கினார்.

கோவையின் கட்டடங்கள்

கோவைக்குக் கொடுக்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. பி.எஸ்.ஜி. குடும்பத்தார் 1926-இல் சொத்தில் ஒரு பங்கைத் தருமத்துக்கு எழுதிவைத்தார்கள். லட்சுமி மில் குடும்பத்தின் அறக்கட்டளையால் 1952-இல் குப்புசாமி நாயுடு நினைவு மருத்துவமனை தாய்சேய் நலத்துக்கென எழுந்தது. 1955-இல் மில் தொழிலாளர்களுக்கு ஈ.எஸ்.ஐ. வந்தது. 1909-இல் தொடங்கிய அரசு ஆஸ்பத்திரியோடு 1966-இல் மருத்துவக் கல்லூரி சேர்ந்தது. பஞ்சு விற்ற காசும் பம்பு விற்ற காசும் கட்டிலாகவும் கட்டடமாகவும் மாறின. அந்தக் கட்டில்களில் உயிர் பிழைத்த தாய்மார்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அந்தக் கட்டடங்களுக்குள், நான் படித்த காலத்தில், ஈதர் இன்னும் புழக்கத்தில் இருந்தது. கம்பிச் சட்டத்தின் மேல் பல மடிப்புத் துணியைப் போர்த்தி முகத்தில் வைத்து, குப்பியிலிருந்து சொட்டுச் சொட்டாக விட வேண்டும். முகம் புண்ணாகாமல் இருக்க முதலில் வாசலின் தடவ வேண்டும். வேகமாக விட்டால் மூச்சுத் திணறும், நிதானமாக விட்டால் நோயாளி முரண்டுபிடிப்பார். தியேட்டரை விட்டு வந்து குளித்த பின்பும் அந்த வாடை தலைமுடியில் இருக்கும். பிரசவ அறையில் பெரும்பாலும் ஒன்றும் இல்லை. மனமிருந்தால் ஃபோர்ட்வினும் ஃபெனர்கனும் சேர்த்து ஓர் ஊசி. பெண் அரைத் தூக்கத்தில் அனத்துவார். வலி போயிருக்காது, அதைச் சொல்லும் தெம்பு போயிருக்கும்.

பிறகு ஸ்பைனல் பரவலாக வந்தது. முதலில் ஹெவி லிக்னோகெயின், அப்புறம் அனாவின் என்று நாங்கள் சொல்லும் ஹெவி பூபிவகெயின். பெண்ணைக் குனிந்து உட்காரவைத்து, தலையணையைக் கட்டிக்கொள்ளச் சொல்லி, இரண்டு இடுப்பெலும்பையும் விரலால் தொட்டு நடுக்கோட்டில் ஊசி இறங்கும். தெளிந்த நீர் ஒரு துளி வந்ததும் இரண்டு மில்லி அளவில் மருந்து. ஐந்து நிமிடத்தில் கால் மரத்துவிடும். தாய் விழித்திருந்து குழந்தையின் முதல் அழுகையைக் கேட்பார். எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலிக்காத காட்சி அது. ஈதரில் இரண்டு உயிரும் தூங்கிய காலத்தைப் பார்த்தவளுக்கு அதன் அருமை தெரியும்.

இதன் பலன் கணக்கிலும் தெரிகிறது. மயக்க மருத்துவர் இல்லாத அரசு மருத்துவமனைகளுக்காக எம்.பி.பி.எஸ். மருத்துவர்களுக்கு 18 வாரப் பயிற்சி கொடுத்தார்கள். இருபத்துநான்கு மணி நேர அவசரப் பிரசவ மையங்கள் வந்தன. தமிழ்நாட்டில் உயிரோடு பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 134 ஆக இருந்த தாய்மார் மரணம், 2018–20 கணக்கில் 54 ஆக இறங்கியது. அதில் எங்கள் தொழிலுக்கும் பங்கு உண்டு.

சாதாரணப் பிரசவ வலிக்கு மட்டும் எபிடியூரல் பரவவில்லை. காரணம் எங்கள் தொழிலின் அமைப்பிலேயே இருக்கிறது. கொங்கு நகரங்களில் நர்சிங் ஹோம் தோறும் மயக்க மருத்துவர் இருப்பதில்லை. போன் வந்ததும் பையோடு ஓடுகிறவர்கள் நாங்கள். சிசேரியன் ஒரு மணி நேரத்தில் முடியும், அதற்கு இவ்வளவு என்று கட்டணமும் உண்டு. எபிடியூரல் போட்டால் குழந்தை பிறக்கும்வரை, சில சமயம் விடிய விடிய, பக்கத்திலேயே இருக்க வேண்டும். அந்த மணிகளுக்குக் காசு கொடுப்பார் யாரும் இல்லை. அரசு மருத்துவமனையில் இருக்கும் ஒரே ஆள் தியேட்டரை விட்டு நகர முடியாது. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவம் சிசேரியன், தனியார் மருத்துவமனைகளில் 64. "வலி தாங்க முடியலீங்க, ஆபரேசனே பண்ணிருங்க" என்ற கெஞ்சல் எத்தனை பேரை மேசைக்குக் கொண்டுவந்தது? அதை யாராவது எண்ணியாக வேண்டும். எபிடியூரல் போட்டால் சிசேரியன் கூடும் என்று பயமுறுத்துகிறவர்களுக்கு 2005-இல் சிகாகோவில் சிந்தியா வாங் குழு செய்த ஆய்வு பதில் சொல்கிறது: சீக்கிரமே கொடுத்தாலும் சிசேரியன் கூடவில்லை.

எதற்குப் பணம்?

இங்கே ஆராய்ச்சியே நடக்கவில்லை என்பது உண்மையாகாது. மயக்க மருத்துவ மேற்படிப்பு மாணவர் ஒவ்வொருவரும் ஓர் ஆய்வேடு எழுதுகிறார். ஸ்பைனல் அளவு பற்றியும் பிரசவ வலி நிவாரணம் பற்றியும் எழுதியவர்கள் ஏராளம். அறுபது பெண்கள், நூறு பெண்கள், பெரும்பாலும் ஒரு நாள் கண்காணிப்பு. தாய் வீட்டுக்குப் போனதும் ஆய்வு முடிந்துவிடும். முதுகுவலி தொடங்குவது அதற்கப்புறம். மாணவரின் உதவித்தொகையிலும் இராத்தூக்கத்திலும் இதற்கு மேல் எதிர்பார்ப்பது அநியாயம்.

தேவைப்படுவது பெரிய பணமும் இல்லை. தமிழ்நாட்டில் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் பிக்மி எண் என்ற அரசுப் பதிவு எண் இருக்கிறது. கிராம சுகாதார செவிலியர் அவர் வீட்டு வாசலை அறிவார். எந்த ஊசியில் ஸ்பைனல் போட்டார்கள் என்பதை அந்தப் பதிவில் ஒரு வரி சேர்த்து எழுதி, ஆறாம் வாரத்திலும் ஓராண்டு முடிவிலும் தலைவலி, முதுகுவலி பற்றிக் கேட்டால் போதும். பென்சில் முனை ஊசியில் தலைவலி குறையும் என்பது நிரூபணமானது. விலை அதிகம் என்பதால் பல இடங்களில் கூர்முனை ஊசியே வாங்குகிறார்கள். அந்த மிச்சத்துக்கு நம் பெண்கள் எத்தனை நாள் படுக்கையில் கிடந்து விலை கொடுக்கிறார்கள் என்று கணக்கு வந்தால், வாங்குகிறவர் மனம் மாறும். குட்டையான, சோகை உள்ள பெண்ணுக்கு மருந்து எவ்வளவு போதும், செவிலியர் மேற்பார்வையில் என்டனாக்ஸ் கொடுத்தால் நம் பிரசவ அறைகளில் எப்படி வேலை செய்யும் என்பவை அடுத்த கேள்விகள்.

இங்கிலாந்தில் மகப்பேறு மயக்க மருத்துவர் சங்கம் தன் உறுப்பினர்களின் இத்தகைய ஆய்வுகளுக்கு நல்கை கொடுக்கிறது. கோவையில் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன, பிரசவங்கள் இருக்கின்றன, தரும சிந்தனையுள்ள குடும்பங்கள் இருக்கின்றன. ஒரு வார்டுக்குத் தாயின் பெயரை வைப்பவர்கள், ஓர் ஆய்வு நிதிக்கும் அந்தப் பெயரை வைக்கலாம். அந்தப் பணம் இரண்டு செவிலியரின் சம்பளமாகவும், வந்துபோகும் தாய்மாரின் பஸ் செலவாகவும், எபிடியூரல் போட்ட இரவில் கூட உட்காரும் மருத்துவரின் கூலியாகவும் போகும். முடிவை ஆங்கில இதழில் போடுவதோடு நிறுத்தாமல், தமிழில் எழுதி, ஆரம்ப சுகாதார நிலையச் சுவரில் ஒட்ட வேண்டும். ஊசி காரணம் என்று தெரிந்தால் அந்தப் பெண்களிடம் அதை ஒப்புக்கொள்வோம், எங்கள் முறையை மாற்றுவோம். காரணம் இல்லை என்று தெரிந்தால், முதுகுக்கு உண்மையில் என்ன செய்ய வேண்டும் என்று அன்றிலிருந்து தேடத் தொடங்கலாம்.